உப்புக்காற்றும் ஆசிட் கேனும்: கடலோரக் கழிப்பறைக்குப் பொருள் தேர்வு

கடலோர ஊரில் கட்டி நாலைந்து ஆண்டு ஆன லாட்ஜ் ஒன்றின் கழிப்பறைக்குள் நுழைந்தால், முதலில் டைல்ஸைப் பார்க்காதீர்கள். குனிந்து கதவின் கீழ்க்கீலைப் பாருங்கள். வாஷ்பேசினுக்கு அடியில் கையை விட்டு, அதைத் தாங்கும் பிராக்கெட்டைத் தடவிப் பாருங்கள். சுவர்க் கண்ணாடியின் கீழ் ஓரத்தைக் கவனியுங்கள். டைல்ஸ் ஒட்டிய நாளில் இருந்தது போலவே இருக்கும். பீங்கானுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. கீல் பொரிந்திருக்கும், பிராக்கெட் செதில் செதிலாகக் கையோடு வரும், கண்ணாடி ஓரம் கறுத்திருக்கும். உரிமையாளர் பணத்தைக் கொட்டியது டைல்ஸில். தோற்றுப்போனதோ கடைசி வாரத்தில் ஹார்டுவேர் கடையிலிருந்து ஒரு பையில் வந்த சில்லறைச் சாமான்கள்.

இந்த அத்தியாயத்தில் பாதி அந்தப் பையைப் பற்றியதுதான். லாட்ஜ், ஓட்டல், கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், மீன் பதனிடும் ஆலை என்று நாள் முழுக்கப் பலர் வந்துபோகும் கழிப்பறைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டுக் குளியலறைக்கு இதில் பாதிக் கண்டிப்பு போதும்.

அரிப்பு எங்கிருந்து வருகிறது

முதல் ஆள் காற்று. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் தூளாகக் காற்றில் வருகின்றன. கடற்கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் அவற்றில் பெரும்பகுதி படிந்துவிடும். ஆனாலும் ஐந்து கிலோமீட்டர் உள்ளே வரை எஸ்.எஸ். என்னும் துருப்பிடிக்காத எஃகின் பரப்பில் பழுப்புக் கறை விழுவதைப் பார்க்கலாம். உப்பு படிந்த இடம் எளிதில் காயாது என்பதுதான் சிக்கல். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு ஏறக்குறைய 33 சதவீதமே போதும். நம் கடலோரத்தில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நாள் அபூர்வம். அதனால் கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் கீலின் மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது.

வெளி கேட்டை மழையாவது கழுவிவிடும். வென்டிலேட்டர் வழியே உள்ளே வந்து கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் உட்கார்ந்த உப்பை யார் கழுவப் போகிறார்கள்? கடலைப் பார்த்த கட்டடத்தில் வெளிக் கம்பியைவிட உள்ளே இருக்கும் தாழ்ப்பாள் முதலில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் காற்று எவ்வளவு கொடியது என்பதற்கு நம்மிடம் நல்ல சாட்சி பாம்பன். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சிக்ரி, உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்கப் பாம்பனுக்குப் பக்கத்திலிருக்கும் மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் துருவோடு போராடியே நூறாண்டைக் கடந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்கு வீசும் காற்றுதான் இராமேசுவரத்து லாட்ஜின் கழிப்பறைக்கும் வீசுகிறது.

இரண்டாவது ஆள் தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த கதை பல பத்தாண்டுப் பழசு. இராமநாதபுரம் மாவட்டத்தின் உவர்ப்பு நீரைச் சொல்லவே வேண்டாம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது; வேறு வழியில்லாவிட்டால் 1000 வரை பொறுத்துக்கொள்கிறது. உலோகக்காரர்கள் போடும் கணக்கு வேறு. 304 ரக எஸ்.எஸ். சுமார் 200 வரை, 316 சுமார் 1000 வரை என்பது அவர்கள் கைக்கணக்கு. ஆக, குடிக்கவே அனுமதிக்கப்பட்ட தண்ணீர்கூட 304-ஐப் புள்ளி புள்ளியாக அரிக்கலாம். பொருள் வாங்கும் முன் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மொத்த உப்பளவு மட்டும் எழுதிய சீட்டு போதாது; குளோரைடு தனியாக எத்தனை என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது ஆளைப் பற்றி எந்த கேட்டலாக்கிலும் எழுதியிருக்க மாட்டார்கள். கழுவ வருபவர் கையில் இருக்கும் ஆசிட். கடையில் விற்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் பத்து சதவீத அளவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கேனில் வரும் முரட்டு ஆசிட்டில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. இந்த அமிலம் பட்டால்தான் அரிக்கும் என்றில்லை. அதன் ஆவியே போதும்: மூடிய அறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டுப் போனால், தரையிலிருந்து ஆறடி உயரத்திலிருக்கும் குழாயும் கொக்கியும் மறுவாரம் பழுப்பு காட்டும். கழுவுபவரின் நுரையீரல் படும் பாடு தனி. அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இது ஆளையே சாய்க்கும்.

நான்காவது, சிறுநீர். அதிலிருந்து கிளம்பும் அம்மோனியாவுக்குப் பித்தளை மேல் தனிக் கண். பிரிட்டிஷ் இராணுவம் இந்தியாவில் இருந்த காலத்தில், மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டிருக்கும். குதிரை மூத்திரத்தின் அம்மோனியா, மழைக்கால ஈரம், உறையை இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் இம்மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. யூரினலுக்கு அடியில் பளபளப்பான பித்தளை பாட்டில் டிராப் மாட்ட விரும்புகிறவர்கள் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் பிவிசி வேஸ்ட் பைப் அழகில்லைதான். ஆனால் நிற்கும்.

முதல் கேள்வி கழுவுபவரிடம்

ஆகவே எந்தப் பொருள் நல்லது என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், இந்தக் கழிப்பறையை யார், எதைக் கொண்டு, எத்தனை வேளை கழுவப் போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். நட்சத்திர ஓட்டலில் பயிற்சி பெற்ற ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் மென்மையான சோப்பு நீரில் துடைப்பார்கள். கடலும் சற்றுத் தள்ளியிருந்தால் அங்கே 304 போதுமாக இருக்கலாம். கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தம் முடிந்து அடுத்த முகூர்த்தத்துக்குள் ஐந்நூறு பேர் புழங்கிய கழிப்பறைகளை இரண்டே ஆட்கள் கழுவியாக வேண்டும். அவர்கள் ஆசிட்டைத்தான் எடுப்பார்கள். “ஆசிட் பயன்படுத்தாதீர்” என்று போர்டு மாட்டுவதால் எதுவும் மாறாது. நேரமும் ஆளும் கொடுத்தால் மாறலாம். கொடுக்க மாட்டீர்கள் என்றால், ஆசிட் படும் என்றே வைத்துக்கொண்டு பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படித் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் ஒரு விஷயம் சீக்கிரம் புரியும். உலோகம் இல்லாமல் முடிகிற இடத்தில் உலோகமே வேண்டாம். கதவுச் சட்டத்துக்குக் கிரானைட், குழாய்க்குப் பிளாஸ்டிக், ஜன்னலுக்கு யுபிவிசி, தடுப்புக்கு காம்பாக்ட் லேமினேட் என்று போய், கடைசியில் தவிர்க்கவே முடியாத உலோகத்தை ஒரு சின்னப் பட்டியலாகச் சுருக்குங்கள். அந்தப் பட்டியலில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

எஸ்.எஸ். என்று சொன்னால் போதாது

ஹார்டுவேர் கடையில் “எஸ்.எஸ். கீல் கொடுங்க” என்றால் கைக்கு வருவது பெரும்பாலும் 202. விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த ரகம் இது. நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான். ஜே4 என்ற பெயரில் வருவதில் அதைவிடக் குறைவு. வறண்ட ஊரில், துடைத்து வைக்கும் கைப்பிடிக்கு 202 குறையில்லை. கடலோரக் கழிப்பறைக்கு அது ஆகாது.

304-இல் குரோமியம் 18–20, நிக்கல் 8–10.5 சதவீதம். 316-இல் இவற்றோடு மாலிப்டினம் 2–3 சதவீதம் சேர்கிறது. எஸ்.எஸ்ஸைக் காப்பாற்றுவது குரோமியம் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம். குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே குத்திக் கிழிக்கிறது. கிழிந்த இடம் தானே மூடிக்கொள்வதற்குள் கீழே குழி விழுந்துவிடும். மாலிப்டினம் இருந்தால் படலம் கிழிவது குறையும். என் கணக்கு இது: கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தாலோ, தண்ணீரில் குளோரைடு 200-க்கு மேல் இருந்தாலோ, ஆசிட் நிச்சயம் என்றாலோ, கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, ஸ்குரு எல்லாம் 316. இம்மூன்றும் இல்லாத இடத்துக்கு 304. வெல்டிங் செய்யப் போகும் பொருளுக்கு 316எல், அதாவது கார்பன் 0.03 சதவீதத்துக்கு மிகாத ரகம்.

வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்பார்கள். 202, 304, 316 மூன்றுமே காந்தத்தில் ஒட்டாதவை. அசல் 304-கூட வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். காந்தம் பிடித்துக் கொடுப்பது இரும்பையும் 400 வரிசை ரகங்களையும் மட்டுமே. எஸ்.எஸ். என்று விற்கும் செல்ஃப்-டிரில்லிங் ஸ்குருக்களில் பல 410 ரகம், அவை காந்தத்தில் சிக்கும், கடலோரத்தில் துருவும் பிடிக்கும். 202-ஐயும் 316-ஐயும் பிரித்தறிய மாலிப்டினம் சோதனை திரவம் விற்கிறார்கள். ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மொத்தமாக வாங்கினால் உற்பத்தியாளரின் மில் டெஸ்ட் சான்றிதழைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் கடையில் 316 விலை கொடுக்காதீர்கள்.

ரகம் சரியாக இருந்தும் கெட்டுப்போவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பரப்பு. சொரசொரப்பான சாட்டின் ஃபினிஷில் உப்பு தங்கும். அதிலும் கோடுகள் படுக்கை வசத்தில் இருந்தால் வரி வரியாகத் தங்கும். வழவழப்பாகவும் கோடுகள் மேலிருந்து கீழாகவும் இருக்கும்படி கேளுங்கள். இரண்டு, வெல்டிங். ஆர்கான் வெல்டிங் செய்த இடத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் சூட்டுக்கறையைப் பிக்ளிங் பேஸ்ட் போட்டு எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அங்கேதான் முதல் துரு. மூன்றாவது, பக்கத்து வேலை. எஸ்.எஸ். மாட்டிய அறைக்கு வெளியே கிரில் பட்டறைக்காரர் இரும்பை அறுத்தால் பொறிகள் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு மழைக்குள் எஸ்.எஸ்ஸே துருப்பிடித்தது போலத் தெரியும். சப்ளையரோடு சண்டை போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். கம்பி நாரால் தேய்த்தாலும் இதே விளைவுதான்.

ஸ்குருவின் கணக்கு

காற்றின் அரிக்கும் வலிமையை சி1 முதல் சி5 வரை, அதற்கு மேல் சிஎக்ஸ் என்று பிரிக்கும் சர்வதேசத் தரம் ஒன்று உண்டு: ஐ.எஸ்.ஓ. 9223. அதில் சி5 என்ற வகையில் துத்தநாகம் முதல் ஆண்டில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும் என்கிறார்கள். கடையில் பளபளவென்று வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வரும் சாதாரண ஸ்குருவின் துத்தநாகப் பூச்சு ஐந்தாறு மைக்ரான்தான். கடலை ஒட்டிய இடத்தில் ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு. அதன்பின் இருப்பது வெறும் இரும்பு. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஹாட்-டிப் பூச்சு, கனமான இரும்புத் துண்டில் 65 முதல் 85 மைக்ரான் வரை இருக்கும். அதே காற்றில் பத்தாண்டுக்குக் குறையாது. இரண்டையுமே கடையில் “ஜிஐ” என்றுதான் சொல்வார்கள். இந்தக் கணக்கு வெளிக்காற்றுக்கு உரியது. ஆசிட் ஆவியும் சேர்ந்தால் இரண்டுக்கும் ஆயுள் குறையும்.

முழுக் கழிப்பறைத் தொகுதிக்கும் 316 ஸ்குரு வாங்கினால் ஆகும் கூடுதல் செலவு, நுழைவாயிலில் ஒட்டும் நான்கு டிசைன் டைல்ஸின் விலை இருக்கலாம். இதை மேஸ்திரியின் பொறுப்பில் விடாதீர்கள். அவர் அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்குருவை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. அலுமினியச் சட்டத்தில் எஸ்.எஸ். ஸ்குரு போட்டு உப்பு ஈரம் சேர்ந்தால், அலுமினியம் ஸ்குருவைச் சுற்றி வெள்ளைப் பொடியாக அரிபடும். இரண்டு உலோகம் சேரும் இடத்தில் நைலான் வாஷர் வைக்கச் சொல்லுங்கள். அலுமினியத்தைத் தவிர்க்க முடியாவிட்டால் அனோடைசிங் 25 மைக்ரான் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஈரச் சிமெண்டு பட்டாலும் அலுமினியம் கெடும் என்பதால் பூச்சு வேலை முடிந்த பிறகே மாட்ட வேண்டும்.

குழாயும் பைப்பும்

குரோம் பூசிய குழாய்க்குள் என்ன உலோகம் என்பதில்தான் விஷயம். பித்தளையா, துத்தநாகக் கலவையா? வெளித்தோற்றம் ஒன்றுதான். கையில் தூக்கிப் பார்த்தால் ஓரளவு தெரியும், பித்தளை கனக்கும். துத்தநாகக் கலவைக் கைப்பிடியில் குரோம் கொப்பளித்து உரிந்தால் உள்ளே பொடிந்துபோகும். குளோரைடு அதிகமான தண்ணீரில் சாதாரணப் பித்தளையிலிருந்தும் துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் சல்லடைபோல மிஞ்சும், டி.இசட்.ஆர். என்று குறிப்பிட்ட பித்தளை இதைத் தாங்கும்.

உவர்ப்பு நீருள்ள ஊரில் பொதுக் கழிப்பறைக்கு என் பரிந்துரை பிடிஎம்டி பிளாஸ்டிக் குழாய்கள். பார்க்க மட்டமாகத் தெரியும் என்று பல உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பச்சைக் களிம்பு வழியும் குரோம் குழாயை விடவா மட்டம்? திருட்டும் குறையும்; பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் கடையில் எடைக்கு எடுக்க மாட்டார்கள்.

சுவருக்குள் போகும் ஜிஐ பைப்பின் காலம் முடிந்துவிட்டது. சிபிவிசி, யுபிவிசி போதும். அதிலும் பிளம்பர் வளைவில் மட்டும் ஒரு ஜிஐ நிப்பிளைச் செருகிவிடுவார். எட்டு ஆண்டு கழித்து டைல்ஸை உடைக்கப்போவது அந்த நிப்பிளுக்காகத்தான்.

தடுப்பும் கதவும்

லேமினேட் ஒட்டிய பார்டிகிள் போர்டும் எம்.டி.எஃபும் கழிப்பறைக்குள் வரவே கூடாது. கீழ் விளிம்பில் ஒருமுறை தண்ணீர் ஏறினால் அப்பளம்போல உப்பும், பிறகு எதுவும் செய்ய முடியாது. ஐ.எஸ். 710 முத்திரையிட்ட மரைன் பிளைவுட் தாங்கும் என்பது உண்மை. ஆனால் தச்சர் அறுத்த ஒவ்வொரு விளிம்பையும் அடைத்தால்தான் தாங்கும். அப்படி அடைத்த தச்சரைக் காண்பது அரிது.

காம்பாக்ட் லேமினேட், அடுக்கடுக்கான காகிதத்தை ஃபீனாலிக் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தது. தடுப்புக்கு 12 மி.மீ. வழக்கம். உள்ளே முழுக்க ஒரே பொருள் என்பதால் விளிம்பு உப்பாது. ஆனால் ஈரப்பதத்துக்கு ஏற்பச் சற்றே நீளும், சுருங்கும். அதனால் ஸ்குரு ஓட்டையைச் சற்றுப் பெரிதாகப் போட வேண்டும்; இறுக்கிப் பிடித்தால் மூலையில் விரிசல். எச்டிபிஇ தடுப்பு 25 மி.மீ. கனத்தில் வரும். ஆசிட், பிளீச், ஈரம் எதற்கும் அசையாது. கிறுக்கினால் தேய்த்து எடுக்கலாம். வெயிலில் கணிசமாக விரியும் என்பதும், தீப்பற்றினால் நன்றாக எரியும் என்பதும் அதன் குறைகள். வணிக வளாகத்துக்குள் போடுவதானால் தீயணைப்புத் துறை அனுமதியைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். திறந்தவெளிப் பேருந்து நிலையத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் இதைவிட ஏற்றது எனக்குத் தெரிந்து இல்லை.

எதை வாங்கினாலும் பலகை தரையைத் தொடக் கூடாது. 100–150 மி.மீ. இடைவெளி விட்டுக் கால் வைத்து நிறுத்துங்கள். அந்தக் காலைத்தான் தினமும் ஆசிட் நீர் தொடும். ஆகவே கால் 316 அல்லது நைலான். கீலும் கொண்டியும்கூட உள்ளே எஃகுத் தண்டு வைத்த நைலானில் கிடைக்கின்றன. நீச்சல் குளத்து உடைமாற்றும் அறைகளுக்கு அவையே உத்தமம். குளத்தின் குளோரின் ஆவியை எஸ்.எஸ்ஸும் சில நேரம் தாங்காது. 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் மேற்கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய எஸ்.எஸ். கம்பிகள் ஓசையில்லாமல் விரிசல் விட்டிருந்தன. எனவே குளத்துக்கு மேல் எடை தாங்கும் எதையும் எஸ்.எஸ். என்ற நம்பிக்கையில் மட்டும் தொங்கவிடாதீர்கள். பொறியாளரிடம் ரகத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கதவுக்கு எஃப்.ஆர்.பி. அல்லது டபிள்யூ.பி.சி. இரும்பு ஆங்கிள் சட்டம் தரையோடு சேரும் இடத்தில்தான் அரிபடும். அங்கே கிரானைட் பலகையை நிறுத்திச் சட்டமாக்கும் நம் ஊர்ப் பழக்கம் மிக நல்லது.

கல்லும் சாந்தும்

கடப்பாக் கல் மலிவு, கறுப்பாக அழகாக இருக்கும் என்று யூரினல் தடுப்புக்கும் வாஷ்பேசின் மேடைக்கும் போடுகிறார்கள். அது சுண்ணாம்புப் பாறை. ஆசிட் ஒருமுறை பட்டால் நுரைத்து வெளுக்கும். கோட்டாவும் பளிங்கும் அப்படியே. கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. கழிப்பறையில் கல் என்றால் கிரானைட்தான்.

தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ், நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்கு மிகாதது, வழுக்காத பரப்புள்ளது. டைல்ஸைவிட முக்கியம் இடுக்கில் அடைக்கும் சாந்து. சிமெண்டு கிரௌட்டை ஆசிட் மாதக்கணக்கில் தின்றுவிடும். இடுக்கு வழியே நீர் இறங்கி, சங்கன் ஸ்லாபில் கொட்டிய செங்கல் ஜல்லியில் தேங்கி, கீழ்த்தளத்தின் கூரையில் ஓதமாக வெளிப்படும். எப்பாக்ஸி கிரௌட் ஆசிட்டைத் தாங்கும். விலை அதிகம், போடப் பழகிய ஆள் வேண்டும், கைநேரம் குறைவு. இருந்தாலும் தரைக்கும், சுவரில் மூன்றடி உயரம் வரைக்கும் அதையே போடுங்கள். அதற்கு மேல் சிமெண்டே போதும்.

புதுக் கட்டடம் என்றால் ஸ்லாபைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலைக் “கடுமை” என்ற வகையில் சேர்க்கிறது. அதற்குக் குறைந்தது எம்30 கான்கிரீட், கம்பிக்கு 45 மி.மீ. கவர். உள்ளூர் வழக்கத்தில் இருபது மி.மீ. கவர் பிளாக் வைத்துவிட்டுப் போவார்கள். ஈரப் பகுதி ஸ்லாபுக்காவது நேரில் நின்று அளந்து பாருங்கள். நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துக் கீழே பார்த்த பிறகே டைல்ஸ்.

மற்றவை

கண்ணாடி கறுப்பது பின்புற வெள்ளிப் பூச்சு அரிபடுவதால். ஓரம் அடைத்த, செம்பில்லாத கண்ணாடி வாங்கி, சுவரிலிருந்து சில மி.மீ. விலக்கி மாட்டுங்கள். ஒட்ட நியூட்ரல் சிலிகான் மட்டும். வினிகர் வாடை வரும் சிலிகான் வெள்ளிப் பூச்சையே தின்னும். ஸ்விட்ச் போர்டுக்குச் சுவருக்குள் வைக்கும் பெட்டி பிவிசியாக இருக்கட்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு ஜிப்சம் வேண்டாம். பிவிசி அல்லது கால்சியம் சிலிகேட். எக்ஸாஸ்ட் ஃபேன் பிளாஸ்டிக் இறக்கை உள்ளதாக வாங்கி, இரவிலும் ஓடவிடுங்கள். ஆசிட் ஆவியை வெளியே தள்ள அதைவிட மலிவான வழி கிடையாது.

ஒப்படைக்கும் வாரம்

இவ்வளவும் பார்த்துச் செய்த கழிப்பறை, திறப்பு விழாவுக்கு முன்பே கெடுவதுண்டு. டைல்ஸில் ஒட்டிய சிமெண்டுக் கறையை எடுக்கக் கடைசி வாரத்தில் ஆசிட் வாஷ் செய்வார்கள். அதற்குள் குழாய், கைப்பிடி, தடுப்பு எல்லாம் மாட்டியிருக்கும். ஒரே நாளில் பல ஆண்டு அரிப்பு நடந்துவிடும். ஆசிட் வாஷ் முடிந்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அறை நன்றாகக் காய்ந்த பிறகே உலோகச் சாமான் உள்ளே வரவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். கறைக்கு சல்ஃபாமிக் அமிலம் அடிப்படையிலான கிளீனர் கேட்டால் இன்னும் நல்லது. அதில் ஹைட்ரோகுளோரிக் போல ஆவி கிளம்பாது.

திறந்த பிறகு வாரம் ஒருமுறை எஸ்.எஸ். சாமான்களை நல்ல தண்ணீரில் துடைக்கச் சொல்லுங்கள். போர் தண்ணீர் கூடாது. மழை வெளியே செய்யும் வேலையை உள்ளே ஒரு ஈரத்துணி செய்துவிடும்.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டால்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றத் தேவையில்லை. முதலில் ஆள் மேல் விழக்கூடியவை: வாஷ்பேசின் பிராக்கெட், சுவரில் தொங்கும் கோப்பையின் போல்ட், தலைக்கு மேலிருக்கும் சிஸ்டர்ன் கொக்கி. அடுத்து மின்சாரம்: துருவேறிய ஸ்விட்ச் பெட்டி, கீசர் தாங்கி. பிறகு கீல், தாழ்ப்பாள். உள்ளே மாட்டிக்கொண்டு திறக்க முடியாமல் யாராவது கத்திய பிறகு மாற்றுவதை விட முன்பே மாற்றலாம். தடுப்புப் பலகைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். குழாய்களை ஒழுகத் தொடங்கும் வரிசையில் மாற்றினால் போதும்.

பழைய ஸ்குரு கழற்றும்போது தலை உடைந்து தண்டு சுவருக்குள்ளேயே நின்றுவிடும். பக்கத்தில் புது ஓட்டை போட்டு அதை அப்படியே விட்டுவிடத்தான் எல்லாருக்கும் தோன்றும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். உள்ளே கிடக்கும் தண்டு ஓரிரு ஆண்டில் டைல்ஸைப் பிளந்துகொண்டு வரும். துளைத்தாவது வெளியே எடுத்துவிட்டு, ஓட்டையை எப்பாக்ஸியால் அடைத்து, புது ஸ்குருவுக்கு இரண்டு அங்குலமாவது தள்ளி இடம் பாருங்கள்.